கத்தி ஏந்தும் இளையோர்: கிளாஸ்கோ நகரின் அனுபவமும் மலேசியத் தமிழர் சூழலும்

2013ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மலேசிய உள்துறை அமைச்சு, நாட்டில் இயங்கிவந்த 49 குண்டர் கும்பல்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. அவற்றின் உறுப்பினர் தொகை 40,313 என்றும், அவருள் 28,926 பேர் இந்தியர் என்றும் அறிவிக்கப்பட்டது. நாட்டின் மக்கள்தொகையில் ஏறத்தாழ 7 விழுக்காடே உள்ள ஓர் இனம் இப்பட்டியலில் 70 விழுக்காட்டுக்கும் மேலான இடத்தைப் பெற்றிருந்தது. இவை காவல் துறையின் கணக்கு என்ற அளவிலேயே கொள்ளத்தக்கவை. ஆயினும், எண்ணிக்கையைப் பாதியாகக் குறைத்துக் கொண்டாலும் கவலை குறைவதற்கில்லை.

இப்பொருள் பற்றி நம்மிடையே எழும் விவாதம் பெரும்பாலும் இரு முனைகளிலேயே நின்றுவிடுகிறது. இன்னும் கடுமையாகத் தண்டிக்க வேண்டும் என்பார் ஒரு சாரார். வறுமையும் புறக்கணிப்புமே காரணம், தண்டித்துப் பயனில்லை என்பார் மற்றொரு சாரார். இரண்டு கூற்றிலும் உண்மை உண்டு. கண்டிப்பையும் கைகொடுத்தலையும் ஒரே நேரத்தில், ஒரே பையனிடம், ஒரே அமைப்பு காட்ட இயலுமா என்பதே எஞ்சி நிற்கும் கேள்வி. ஸ்காட்லாந்தின் பெருநகரான கிளாஸ்கோ 2005ஆம் ஆண்டு முதல் இதனைச் செய்து பார்த்தது. அந்த அனுபவத்தை விளக்குவதும், அதில் நமக்குப் பொருந்துவன எவை எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். போதைப்பொருள் வணிகத்தையே தொழிலாகக் கொண்ட மூத்த கும்பல் தலைவர்கள் இங்குப் பேசுபொருள் அல்லர். பன்னிரண்டு முதல் இருபத்தொரு வயது வரையிலான ஒரு பையன் இடுப்பில் கத்தியைச் செருகிக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேறுவது ஏன், அவனை மீட்பது எவ்வாறு என்ற அளவில் கட்டுரை அமைகிறது.

பழைய நகரின் பழைய நோய்

கிளாஸ்கோவின் கத்திக்கு நீண்ட வரலாறு உண்டு. 1930களில் அந்நகரக் கும்பல்கள் சவரக்கத்தியை ஆயுதமாகக் கொண்டிருந்தன. 1931இல் நகரக் காவல் துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற பெர்சி சில்லிட்டோ அவற்றை வன்மையாக ஒடுக்கினார். 1935இல் வெளிவந்த ‘நோ மீன் சிட்டி’ என்னும் புதினம் கோர்பல்ஸ் சேரியின் சவரக்கத்தி வாழ்வை உலகறியச் செய்தது. ஒடுங்கியதாகக் கருதப்பட்ட கும்பல்கள் அடுத்த தலைமுறையில் மீண்டும் தலைதூக்கின.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நகர நிருவாகம் நெரிசல் மிக்க சேரிகளை இடித்து, மக்களை நகரின் புறஎல்லையில் எழுப்பிய ஈஸ்டர்ஹவுஸ், டிரம்சேப்பல், காசில்மில்க் முதலான குடியிருப்புகளுக்கு மாற்றியது. புதிய வீடுகளில் குளியலறை இருந்தது, தண்ணீர் வந்தது. ஆனால் கடைகளும் திரையரங்கும் விளையாட்டுக் கூடமும் நெடுங்காலம் வரவில்லை. பழைய தெருவில் பிள்ளைகளைக் கண்டித்து வளர்த்த அண்டை வீட்டுப் பாட்டிமார் வேறு வேறு குடியிருப்புகளுக்குச் சிதறினர். கப்பல் கட்டும் தளங்களும் எஃகு ஆலைகளும் மூடப்பட்டபோது தந்தையரின் தொழிலும் போயிற்று.

மலேசியத் தமிழர் ஒருவர் இதனை வாசிக்கும்போது வேறொரு காட்சி கண்முன் வருதல் இயல்பே. 1990களில் புத்ரா ஜெயா நகர் எழுவதற்காகப் பிராங் பெசார், காலோவே முதலிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் டெங்கில் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டனர். (காலோவே என்பது ஸ்காட்லாந்தின் தென்மேற்குப் பகுதி ஒன்றின் பெயர் என்பது உடன் நினைவுக்கு வருகிறது.) தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் குழிப்பந்துத் திடல்களாகவும் மாறிய இடங்களிலெல்லாம் இக்கதை சிறுசிறு மாற்றங்களுடன் நிகழ்ந்தது. லயத்து வீடு வசதியற்றது. ஆனால் அங்குக் கோயிலும் திடலும் பள்ளியும் நடக்கும் தொலைவில் இருந்தன; யார் பிள்ளை எங்கே திரிகிறான் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

கிளாஸ்கோவுக்கு மீள்வோம். 1968இல் புகழ்பெற்ற பாடகர் ஃபிராங்கி வான் ஈஸ்டர்ஹவுசுக்கு வந்து, கும்பல் இளைஞரைச் சந்தித்து ஆயுதங்களைக் கீழே போடுமாறு வேண்டினார். அவர்களும் போட்டனர், நாளேடுகள் கொண்டாடின. கும்பல்கள் மறையவில்லை. 1993இல் காவல் துறை ‘ஆபரேஷன் பிளேட்’ என்ற பெயரில் கத்தி ஒப்படைப்பும் தீவிர உடற்சோதனையும் நடத்தியது. மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு வரும் குத்துக்காயங்கள் சிறிது காலம் குறைந்து மீண்டும் ஏறின. ஏறத்தாழ ஐம்பது இலட்சம் மக்கள் வாழும் ஸ்காட்லாந்தில் 2004–05ஆம் ஆண்டில் 137 கொலை வழக்குகள் பதிவாயின. வளர்ந்த நாடுகளுள் வன்முறை மிக்க நாடு என்று 2005இல் வெளிவந்த ஐக்கிய நாட்டு அமைப்பின் ஆய்வொன்று அந்நாட்டைச் சுட்டியது. சில்லிட்டோ முதல் ஆபரேஷன் பிளேட் வரை அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடந்தவற்றுள் பொதுவான ஒன்று உண்டு. அனைத்தும் கத்தியைத் தேடின. கத்தியை எடுப்பவன் அதனை ஏன் எடுக்கிறான் என்ற ஆராய்ச்சி நடவடிக்கையின் பகுதியாக அமையவில்லை.

அச்சமும் எல்லையும்

கத்தி வைத்திருப்பவன் வீரன் அல்லது கொடியவன் என்பது பொதுக் கருத்து. பிரித்தானிய ஆய்வுகள் காட்டும் முதற்காரணம் அச்சம். ‘அவனிடம் இருக்கும், ஆகவே என்னிடமும் இருக்க வேண்டும்’ என்ற எண்ணம் ஒரு குடியிருப்பில் பரவத் தொடங்கினால், அதுவரை கத்தியை நினையாதவனும் சமையலறை இழுப்பறையைத் திறக்கிறான். பெரும்பாலான கத்திகள் அங்கிருந்தே வருகின்றன. ஆகவே விற்பனைக் கட்டுப்பாட்டினால் ஓரளவே பயன் உண்டு.

இரண்டாவது காரணம் எல்லை. ஜோசஃப் ரௌன்ட்ரீ அறக்கட்டளையின் ஆதரவில் 2008இல் வெளிவந்த ஆய்வு ஒன்று, கிளாஸ்கோ உள்ளிட்ட ஆறு பிரித்தானிய இடங்களில் இளையோரின் வட்டார உணர்வை ஆராய்ந்தது. சில தெருக்களே அவர்களின் உலகம். அடுத்த குடியிருப்பில் உள்ள நீச்சற்குளத்திற்கோ, பயிற்சி நிலையத்திற்கோ செல்ல இயலாது. சென்றால் அடி விழும். வேலை தேடிப் பேருந்தேற வேண்டிய வயதில் அவர்கள் ஒரு சாலையைக் கடக்க அஞ்சினர். வேறு எதுவும் தனக்கென இல்லாதவனுக்குத் தெருவின் பெயரே குலப்பெயராகிவிடுகிறது. இங்கு நம் நாட்டில் எண்களைப் பெயராகக் கொண்ட கும்பல்களில் சேரும் பள்ளி மாணவன் தேடுவதும் அத்தகைய ஓர் அடையாளமே.

திரைப்படமே காரணம் என்ற வாதம் நம்மிடையே மிகுதி. அரிவாளைப் போற்றும் படங்களுக்காக இக்கட்டுரையாளர் வழக்காட வரவில்லை. ஆயினும், கிளாஸ்கோப் பையன்கள் ஒரு தமிழ்ப் படத்தையும் பார்த்ததில்லை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். திரைப்படம் ஒரு பாணியைக் கற்பிக்கலாம். தேவையை உண்டாக்குவது வேறு ஒன்று.

வன்முறையை நோயாகக் கருதுதல்

2005இல் கிளாஸ்கோ வட்டாரத்துக்குப் பொறுப்பான ஸ்டிராத்கிளைட் காவல் துறை, வன்முறைக் குறைப்புப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. கொலை விசாரணைகளில் நீண்ட அனுபவம் கொண்ட ஜான் கார்னகன் என்ற அதிகாரியும், செவிலியராகத் தொழிலைத் தொடங்கிப் பின்னர்க் காவல் துறையின் பகுப்பாய்வாளராக விளங்கிய கேரின் மெக்கிளஸ்கியும் அதனை வழிநடத்தினர். அடுத்த ஆண்டே அப்பிரிவின் பொறுப்பு நாடு முழுமைக்கும் விரிந்தது.

உலகச் சுகாதார நிறுவனம் 2002இல் வெளியிட்ட வன்முறையும் உடல்நலமும் பற்றிய அறிக்கையே அவர்களின் அடிப்படை. கொள்ளைநோய் பரவும்போது மருத்துவர் நோயாளியைக் குணப்படுத்துவதோடு நிற்பதில்லை. நோய் எங்கே தோன்றிற்று, யாரிடமிருந்து யாருக்குச் சென்றது, அடுத்து யாரைப் பற்றும் என்பவற்றை ஆராய்கிறார். குத்துப்பட்டவனின் தம்பியும் தோழனும் அடுத்த வாரம் பழிவாங்கப் புறப்படுவர் என்றால், தொற்று அங்கே நிகழ்கிறது.

இத்தகைய ஆராய்ச்சிக்குக் காவல் நிலையப் பதிவேடு போதாது. குத்துப்பட்டவருள் பலர் புகார் கொடுப்பதில்லை. மருத்துவமனைக்கு மட்டும் வருகின்றனர். வேல்ஸ் நாட்டுக் கார்டிஃப் நகரில் ஜொனதன் ஷெப்பர்ட் என்னும் முக அறுவை மருத்துவர் இதனைக் கண்டு ஒரு முறையை உருவாக்கினார். காயம் எங்கே, எப்போது, எந்த ஆயுதத்தால் நேர்ந்தது என்பதை மட்டும், பெயரை நீக்கிவிட்டு, மருத்துவமனை காவல் துறைக்கும் நகர நிருவாகத்துக்கும் தரும். எந்த மதுக்கடை வாசலில், எந்த நேரத்தில் கூடுதல் கண்காணிப்பு வேண்டும் என்பது அதனால் தெரியவரும். ஒப்புநோக்கத்தக்க பிற நகரங்களைவிடக் கார்டிஃபில் வன்முறைக் காயங்களுக்காக மருத்துவமனையில் சேர்க்கப்படுவோர் விகிதம் 42 விழுக்காடு குறைவாக அமைந்தது என 2011இல் வெளியான ஆய்வு காட்டியது. புதிய சட்டம் எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

நீதிமன்றத்தில் ஓர் அழைப்பு

கிளாஸ்கோவின் முயற்சிகளுள் மிகுதியும் பேசப்பட்டது 2008 முதல் 2011 வரை நகரின் கிழக்குப் பகுதியில் நடைபெற்ற கும்பல் வன்முறைக் குறைப்புத் திட்டமாகும். இதன் மூலம் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் உள்ளது. அங்கு 1996இல் டேவிட் கென்னடி முதலான ஆய்வாளரும் காவல் துறையும் இணைந்து, வன்முறையில் ஈடுபடும் சிறுதொகையினரை நேரில் அழைத்துப் பேசும் முறையைத் தொடங்கினர். அதன்பின் அந்நகரில் இளையோர் கொலைகள் 63 விழுக்காடு குறைந்தன.

கிளாஸ்கோவில் அது நிகழ்ந்த விதம் விரிவாகச் சொல்லத்தக்கது. காவல் துறை முதலில் எந்தக் கும்பலில் யார் யார் உள்ளனர் என வரைபடம் தயாரித்தது. பின்னர் அப்பையன்களுக்கு நகர நீதிமன்றத்துக்கு வருமாறு அழைப்பு விடுக்கப்பட்டது. கைது இல்லை; விருப்பமுள்ளோர் வரலாம். பகைக் கும்பல்கள் ஒரே நீதிமன்ற அறையில் வெவ்வேறு வரிசைகளில் அமர்ந்தன. நீதிபதி இருக்கையில் இருந்தார். ஆகவே, அது விளையாட்டுக் கூட்டமன்று என்பது அவர்களுக்கு விளங்கிற்று.

முதலில் காவல் துறை மூத்த அதிகாரி பேசினார். உங்கள் பெயர்களும் படங்களும் எங்களிடம் உள்ளன. இனி உங்கள் கும்பலில் ஒருவன் கத்தியால் தாக்கினாலும் கும்பல் முழுவதையும் தொடர்வோம் என்பது அவர் சொன்னதன் சாரம். அடுத்து அவசரப் பிரிவு மருத்துவர் எழுந்து, கத்தி உடலுக்குள் என்ன செய்கிறது என்று விளக்கினார். பின்னர், மகனைக் கத்திக்குப் பறிகொடுத்த தாய் பேசினார். காவல் அதிகாரி பேசுகையில் அலட்சியமாகச் சாய்ந்திருந்தவர்களும் தாய் பேசுகையில் தலைகுனிந்தனர் எனக் கண்டோர் பதிவு செய்துள்ளனர். இறுதியாக, கும்பலிலிருந்து விலகி வாழும் ஒருவர் பேசி முடித்தபின் ஒரு தொலைபேசி எண் தரப்பட்டது. கத்தியை விட்டுவிட்டதாக உறுதி கூறி அந்த எண்ணை அழைப்பவனுக்குப் பயிற்சி, வேலை, மதுப்பழக்க மருத்துவம், தங்குமிடம் ஆகியவற்றுக்கு ஒரே இடத்தில் ஏற்பாடு செய்யப்பட்டது.

இதில் உற்றுநோக்கத்தக்கது, எச்சரிக்கையும் உதவியும் ஒரே நாளில், ஒரே அறையில், ஒரே குரலாக வந்தமையாகும். நம் நாட்டில் எச்சரிப்பவர் ஒருவர், உதவுபவர் வேறொருவர். இருவரும் ஒருவரையொருவர் அறியார். காவல் துறையின் கடுமையைப் பையன் இன்று காண்கிறான். தொழிற்பயிற்சி நிலையத்தின் விளம்பரத்தை இரண்டாண்டு கழித்துக் காண்கிறான், கண்டால். மேலும், கும்பல் முழுவதும் பொறுப்பாகும் என்ற அறிவிப்பு, பின்வாங்க விரும்பும் பையனுக்கு ஒரு சாக்கைத் தருகிறது. ‘எனக்குப் பயமில்லை, ஆனால் எல்லாரும் மாட்டிக்கொள்வோம்’ என்று அவன் சொல்லலாம். மானம் போகாமல் விலக வழி வேண்டும். பதினாறு வயதில் உயிரைவிட மானம் பெரிது.

மருத்துவமனைப் படுக்கை

2008இல் அறுவை மருத்துவர் கிறிஸ்டீன் குடாலும் அவர்தம் தோழர்களும் ‘வன்முறைக்கு எதிரான மருத்துவர்கள்’ என்ற அமைப்பைத் தொடங்கிப் பள்ளிகளுக்குச் செல்லலாயினர். தொடையிலோ பின்புறத்திலோ குத்தினால் ஆபத்தில்லை, அது வெறும் எச்சரிக்கை என்பது பையன்களிடையே நிலவும் நம்பிக்கை. தொடையின் பெருந்தமனி அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர் போகும் என மருத்துவர் சொல்லும்போதுதான் பலர் முதன்முறையாக அறிகின்றனர். இந்த அறியாமை நம் மாணவரிடமும் உண்டு என எண்ணுவதற்கு இடமுள்ளது.

2015இன் இறுதியில் கிளாஸ்கோ ராயல் மருத்துவமனையில் ‘நேவிகேட்டர்’ எனப்படும் வழிகாட்டிகள் அமர்த்தப்பட்டனர். இளஞ்சிவப்புச் சட்டை அணிந்த இவர்களுள் சிலர் தாமே வன்முறையில் வாழ்ந்து மீண்டவர். குத்துப்பட்டுக் கிடப்பவனின் அருகில் அமர்வர். விசாரணை செய்யார்; எவன் குத்தினான் என்று கேளார். தேநீர் வேண்டுமா, வீட்டுக்குச் சொல்ல வேண்டுமா, நாளை என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பர். தையல் போட்ட இரவில் ஒருவன் வேறொரு வாழ்வைப் பற்றிப் பேசக்கூடும். மறுவாரம் தோழர்கள் நடுவில் பேசமாட்டான். அந்த ஓரிரவைப் பயன்படுத்துவதே இத்திட்டத்தின் உள்ளீடு.

எது பயன் தந்தது?

2006 முதல் 2011 வரையிலான ஐந்தாண்டுகளில் ஸ்காட்லாந்தில் 40 சிறுவரும் பதின்ம வயதினரும் கத்தியால் கொல்லப்பட்டனர். அவருள் 15 பேர் கிளாஸ்கோ நகரத்தவர். அடுத்த ஐந்தாண்டுகளில் நாடு முழுவதும் இத்தொகை 8 ஆயிற்று. கிளாஸ்கோவில் ஒருவருமில்லை. நாட்டின் மொத்தக் கொலை வழக்குகள் 2022–23இல் 52 ஆகக் குறைந்தன. 1976க்குப் பின்னர் அதுவரை பதிவானவற்றுள் அதுவே மிகக் குறைவு.

இப்பெருமை முழுவதையும் ஒரு திட்டத்திற்கே சூட்டுவது ஆய்வு நேர்மையாகாது. அதே காலத்தில் கத்தி வைத்திருத்தலுக்கான உச்சத் தண்டனை 2 ஆண்டிலிருந்து 2006இல் 4 ஆண்டாகவும், 2016இல் 5 ஆண்டாகவும் உயர்ந்தது. தெருச் சோதனையும் சில ஆண்டுகள் மிகக் கடுமையாக இருந்தது. வேறு பல நாடுகளிலும் இளையோர் குற்றம் குறைந்தது. கிழக்குக் கிளாஸ்கோத் திட்டம் பற்றி 2014இல் வெளியான ஆய்வு, பங்கேற்றோரிடையே ஆயுதம் வைத்திருத்தல் 84 விழுக்காடு குறைந்ததையும், பங்கேற்காத ஒப்பீட்டுக் குழுவிலும் 40 விழுக்காடு குறைந்ததையும் காட்டியது. வன்செயலைப் பொறுத்தவரை இரு குழுக்களிடையே தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. திட்டம் பயனளித்தது எனலாம். அற்புதம் செய்தது எனல் ஆகாது. அன்றியும், 2024, 2025ஆம் ஆண்டுகளில் ஸ்காட்லாந்தில் பதின்ம வயதினர் சிலர் மீண்டும் கத்திக்கு இரையாகியுள்ளனர். பழைய கும்பல் எல்லைகளோடு தொடர்பற்ற, சமூக ஊடகங்களில் முளைக்கும் பகைமைகள் அங்கே இப்போது விவாதிக்கப்படுகின்றன. ஒரு தலைமுறைக்குக் கற்பித்தது அடுத்த தலைமுறைக்குத் தானே சென்று சேர்வதில்லை.

சட்டத்தின் வாசலில்

தடுத்தும் தடுக்க இயலாமல் குற்றம் செய்துவிட்ட சிறுவனை என்ன செய்வது? இதில் ஸ்காட்லாந்து பழமையான ஒரு மரபைக் கொண்டது. 1964இல் வெளியான கில்பிராண்டன் அறிக்கை, குற்றம் செய்த சிறுவனும் கைவிடப்பட்ட சிறுவனும் பெரும்பாலும் ஒரே சிறுவனே என்று கண்டது. அதன்படி 1971 முதல் பெரும்பாலான சிறார் வழக்குகள் நீதிமன்றத்தை விட்டு, பொதுமக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட மூவர் அமரும் சிறார் விசாரணை அவைக்குச் சென்றன. குற்றப் பொறுப்புக்குரிய வயது 8 என்றிருந்தது 2021இல் 12 ஆக உயர்த்தப்பட்டது. 2024 ஆகஸ்ட் முதல் 18 வயதுக்குட்பட்டோர் எவரும் போல்மண்ட் இளங்குற்றவாளிகள் சிறையில் வைக்கப்படுவதில்லை.

இதற்கு அறிவியல் ஆதாரம் தந்தது எடின்பரோ பல்கலைக்கழகத்தின் நீண்டகால ஆய்வாகும். லெஸ்லி மெக்காரா, சூசன் மெக்வீ ஆகியோர் 1998இல் இடைநிலைப்பள்ளியில் சேர்ந்த ஏறத்தாழ 4,300 மாணவரைத் தொடர்ந்து ஆராய்ந்தனர். பலர் ஏதோ ஒரு காலத்தில் சிறுகுற்றம் செய்து, தாமாகவே விட்டுவிட்டனர். ஒத்த பின்னணியும் ஒத்த குற்றமும் உடைய இருவருள், அமைப்பினுள் ஆழமாக இழுக்கப்பட்டவனே தொடர்ந்து குற்றம் புரியும் வாய்ப்பு மிகுந்தவனாக இருந்தான். பன்னிரண்டு வயதுக்குள் பள்ளியிலிருந்து விலக்கப்பட்டவர், இருபத்திரண்டு வயதுக்குள் சிறை செல்லும் வாய்ப்பு நான்கு மடங்கு மிகுதி என்பதும் அவ்வாய்வின் முடிவாகும். பள்ளி ஒழுக்கத்தைக் காப்பதற்காக ஒருவனை வெளியேற்றும் தலைமையாசிரியர், அவனை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதையும் எண்ண வேண்டியுள்ளது.

சிறையிலிருந்து வெளிவருவோர்க்கு வேலை கொடுத்த முயற்சிகளுள் ‘ஸ்டிரீட் அண்ட் ஆரோ’ என்ற உணவு வண்டி குறிப்பிடத்தக்கது. தண்டனை பெற்றோர் ஓராண்டு சம்பளத்துடன் அங்குப் பணியாற்றினர். ஒவ்வொருவருக்கும் ஒரு வழிகாட்டி இருந்தார். லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கிரெக் பாயில் என்னும் பாதிரியார் கும்பல் இளைஞருக்காக நடத்தும் ரொட்டிக்கடையே இதற்கு முன்னோடி. காலையில் எழுதல், வேலைக்குத் தாமதமாகும் எனில் தொலைபேசியில் சொல்லுதல், வாடிக்கையாளர் திட்டினால் பொறுத்தல் போன்றவையே அங்குப் பாடத்திட்டம். கேட்பதற்கு எளியவை, எவரும் கற்பிக்காதவர்க்கு அரியவை.

நம் சூழலில்

மலேசியாவில் தண்டனைக்குக் குறைவில்லை. பொது இடத்தில் ஆபத்தான ஆயுதம் வைத்திருப்பவருக்கு 1958ஆம் ஆண்டுச் சட்டம் பத்தாண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்க இடம் தருகிறது. ஸ்காட்லாந்தின் உச்ச வரம்பு இதில் பாதியே. கடுமை மட்டும் போதுமாயின், பாராங் கத்தி நம் செய்தித்தாள்களிலிருந்து என்றோ மறைந்திருக்கும்.

நம் சட்டத்தில் நல்ல கூறுகள் உண்டு என்பதையும் கூற வேண்டும். 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டம், 18 வயதுக்குட்பட்டோர்க்குத் தனி நீதிமன்றத்தை அமைத்தது. அங்கு மாஜிஸ்திரேட்டுடன் இரண்டு ஆலோசகர் அமர்வர். ஒருவர் பெண்ணாயிருத்தல் வேண்டும். முடிவெடுக்குமுன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கை கேட்கப்படும். 2016ஆம் ஆண்டுத் திருத்தம் சமூகச் சேவை ஆணைக்கும் வழி வகுத்தது. நன்னடத்தை அறிக்கையே ஒரு பையனின் வாழ்வை நீதிமன்றம் அறியும் சாளரம். பெற்றோர் இருவரும் இரவுப் பணிக்குச் செல்ல, பாட்டியின் பொறுப்பில் வளரும் பையனின் வீட்டுக்கு அதிகாரி வரும்போது, பாட்டிக்குத் தமிழ் மட்டுமே தெரியும். அவர் சொல்ல விரும்புவதில் எவ்வளவு அவ்வறிக்கையைச் சென்றடைகிறது? தமிழறிந்த சமூகப் பணியாளரின் தேவை இங்குத் தொடங்குகிறது.

சமூகநல இலாகாவின் கீழுள்ள துனாஸ் பக்தி பள்ளிகளும், சிறைத் துறையின் கீழுள்ள ஹென்றி கர்னி பள்ளிகளும் சீர்திருத்தப் பணியைச் செய்கின்றன. 1951இல் கொல்லப்பட்ட பிரித்தானிய உயர் ஆணையரின் பெயரைத் தாங்கும் பின்னவை, இங்கிலாந்தில் 1902இல் போர்ஸ்டல் கிராமத்தில் தோன்றிய முறையின் வழிவந்தவை. அம்முறையை இங்கிலாந்து 1980களில் கைவிட்டது. மலாக்கா தெலுக் மாஸ் பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வு எழுதுவோர் உண்டு, தொழிற்கல்வியும் தரப்படுகிறது. உள்ளே நடப்பதைவிட வெளியே வரும் நாளே இக்கட்டுரையாளருக்குப் பெருங்கவலை தருவது. வாயிலில் காத்திருப்பவர் யார் என்பதைப் பொறுத்தே அடுத்த ஓராண்டு அமைகிறது. பழைய கும்பல் மறப்பதில்லை. அது கார் அனுப்புகிறது. கைச்செலவுக்குப் பணம் தருகிறது. இறந்தால் ஊர்வலமும் நடத்துகிறது. நம் ஆலயங்களும் சங்கங்களும் இவற்றுள் முதலிரண்டையாவது செய்ய முடியாதா என்று கேட்பது மிகையாகாது. தைப்பூசத்தில் கும்பல் சின்னம் பொறித்த சட்டைகளைக் காவல் துறை தடுக்கட்டும். அச்சட்டையைக் கழற்றியவனுக்கு அணிய வேறொன்றைத் தருவது நம் பொறுப்பு.

சொற்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். இது நம் துறை சார்ந்தது. பதினைந்து வயதுப் பையன் பிடிபட்டால் நம் நாளேடுகள் ‘குண்டன்’, ‘ரௌடி’ என்று தலைப்பிடுகின்றன. தமிழ்நாட்டில் சிறுவரை விசாரணைக் காலத்தில் வைக்கும் இடத்துக்குக் ‘கூர்நோக்கு இல்லம்’ என்று பெயரிட்டனர். அங்கு நடப்பன யாவும் பெயருக்கேற்ப உள்ளன என்று சொல்வதற்கில்லை. ஆயினும் பெயரில் ஒரு கொள்கை உள்ளது. எடின்பரோ ஆய்வு கண்ட முத்திரை குத்தல், அமைப்பில் மட்டுமின்றி மொழியிலும் நிகழ்கிறது.

எங்கே தொடங்குவது? கார்டிஃப் முறையிலான பெயர் நீக்கிய காயப் பதிவை ஓர் அரசு மருத்துவமனை தொடங்கலாம். மருத்துவ அலுவலர் ஒருவரும் எழுத்தர் ஒருவரும் போதும். தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் ஆண்டில், குறிப்பாகப் புகுமுக வகுப்பில் பின்தங்கி நிற்கும் மாணவரைக் கும்பல் கண்டுகொள்ளுமுன் நாம் கண்டுகொள்ள வேண்டும். அவர்களின் பெயர்கள் வகுப்பாசிரியருக்குத் தெரியும், எவரும் கேட்பதில்லை.

சீர்திருத்தப் பள்ளியிலிருந்து வெளியேறும் பையன்களைப் பொறுத்தவரை, இந்திய ஆய்வியல் மாணவர்கள் தம் சமூகப் பணித் திட்டங்களின் ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம். ஒரு மாணவர் ஒரே பையனை, விடுதலைக்கு ஆறு மாதம் முன்பிருந்து விடுதலைக்குப் பின் ஆறு மாதம் வரை, மாதம் இருமுறை சந்திக்க வேண்டும். விழா எடுத்து அன்பளிப்பு வழங்கிப் படம் பிடித்துத் திரும்பும் ஒருநாள் வருகை இதில் சேராது. சிறைத் துறையின் அனுமதி முன்கூட்டியே பெறப்பட வேண்டும். விண்ணப்பம் துறைத் தலைவர் வழியாகச் செல்வது முறை. பருவ விடுமுறையில் மாணவர் ஊர் திரும்பும்போது சந்திப்பு அறுபடாமல் இருக்க, ஒவ்வொரு பையனுக்கும் இரண்டாமவர் ஒருவரையும் தொடக்கத்திலேயே அறிமுகப்படுத்திவிட வேண்டும்.